நடந்து வரக்கூடிய தூரம்

கோலியர்ஸ் வுட்,
லண்டன்.
06-02-1986, வியாழக்கிழமை

அன்பும் மதிப்பும் மிக்க தவநாயகி மச்சாளுக்கு,

சிவகௌரி எழுதுவது. உங்கள் கடிதமும் மகள் பாமாவின் படமும் திங்கட்கிழமை கிடைத்தன. படத்தைப் பார்த்துவிட்டு உங்கள் தம்பி, "மருமகள் என்னைப் போல கறுப்பில்லை, தப்பியிட்டாள்" என்று சிரித்தார். அவர் சிரித்து நான் கண்டு கன நாளாகிவிட்டது. படத்தைத் தன் கட்டிலுக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறார்.

சாதகம் பொருந்தியதும், பேச்சுக்கால் நல்லபடி போவதும் சந்தோஷம்தான். மாப்பிள்ளை சிவானந்தனை நான் ஒருமுறை ஒரு பிறந்தநாள் வீட்டில் கண்டிருக்கிறேன். ஹரோவில் சொந்த வீடு, கணக்காளர் வேலை, அதிகம் பேசாத பிள்ளை. பாமா இங்கே வந்தால் எனக்கும் ஒரு ஆள் துணை. தம்பியின் வருத்தம் கலியாணம் முடியும்வரை ஒருவருக்கும் தெரியக்கூடாது, தெரிந்தால் குடும்ப நோய் என்று கதை கட்டிச் சம்பந்தத்தைக் குழப்பிவிடுவார்கள் என்பதைத்தான் "அந்த விஷயம் கவனம்" என்று மீண்டும் பூடகமாக எழுதியிருக்கிறீர்கள். டாக்டர் இது பரம்பரை வருத்தம் இல்லை, சின்ன வயதில் வந்த காய்ச்சலால் வந்தது என்று தெளிவாகச் சொன்னார். ஆனால் ஊர் வாய் டாக்டரைக் கேட்டுவிட்டா பேசப் போகிறது? அதனால் நாங்களும் வாய் திறக்கவில்லை. ஏன் மெலிந்துவிட்டார் என்று கேட்பவர்களுக்குச் சீனி வருத்தம் என்கிறேன். ஆஸ்பத்திரி வான் மாதாமாதம் இறக்கும் பெட்டிகளைப் பற்றிப் பக்கத்து வீட்டு வெள்ளைக்காரக் கிழவி கேட்டபோது, சிலோன் தேயிலை வியாபாரம் என்றேன். இப்போது அவ இரண்டு பைக்கற் தா என்று நிற்கிறா.

இன்று எழுத வந்தது வேறு விஷயம். இங்கே ஐஸ் மழை வரப்போகிறது என்று ரிவியில் சொல்கிறார்கள். மழையாகத்தான் விழுமாம், பட்ட இடத்தில் கட்டியாகிவிடுமாம். மரத்திலும் கம்பியிலும் படிந்து தடித்து, பாரம் தாங்காமல் கம்பிகள் அறுந்து போகுமாம். சனிக்கிழமை பொழுதுபடத் தொடங்கும், நாலைந்து நாளைக்கு விடாது, கரண்ட் போகலாம் என்கிறார்கள். கரண்ட் போவது உங்களுக்கும் புதினமில்லை, ஊரில் இருந்தபோது எனக்கும் புதினமில்லை. விளக்கைக் கொளுத்தி வைத்துவிட்டு நாங்கள் எங்கள் பாட்டில் இடியப்பம் பிழிந்தோம்.

இங்கே அப்படி இருக்க முடியாது, மச்சாள். உங்கள் தம்பிக்கு என்ன வைத்தியம் நடக்கிறது என்று நான் விபரமாக எழுதியதில்லை. எழுதாதே, அக்கா பயந்துபோவா என்று அவர்தான் தடுத்தார். இப்போது எழுதுகிறேன். சிறுநீரகம் இரண்டும் வேலை செய்வதில்லை. வீட்டின் சின்ன அறையில் ஆஸ்பத்திரிக்காரர் ஒரு மெசின் வைத்துத் தந்திருக்கிறார்கள். செவ்வாய், வியாழன், சனி என்று கிழமையில் மூன்று நாள் அவருடைய கையில் ஊசி குத்தி, இரத்தத்தைக் குழாய் வழியாக வெளியே எடுத்து, மெசினில் சுத்தம் செய்து திரும்ப உடம்புக்குள் விடவேண்டும். ஒவ்வொரு முறையும் ஐந்து மணித்தியாலம் போகும். ஊசி குத்துவது நான்தான். கோழி உரிக்கவே பயந்த சிவகௌரிதான்.

மெசின் ஓடிக்கொண்டிருக்கும்போது கரண்ட் நின்றால் அவருடைய இரத்தம் குழாயில் நின்றுவிடும். உறைய முதல் அதை உடம்புக்குள் திருப்பி அனுப்பவேண்டும். அதற்காக மெசினில் ஒரு கைப்பிடி இருக்கிறது. ஒரு கையால் அதை நிதானமாகச் சுற்றிக்கொண்டே, மறு கையால் குழாயைப் பிடித்துக் காற்றுக் குமிழி உள்ளே போகாமல் பார்க்கவேண்டும். பயிற்சியின்போது எனக்குச் சொல்லித் தந்தார்கள். ஆனால் அங்கே லைற் எரிந்துகொண்டிருந்தது.

கரண்ட் போகுமா போகாதா என்று ஆளுக்கொரு கதை. லண்டனில் கம்பி எல்லாம் நிலத்துக்குக் கீழே, ஒன்றும் ஆகாது என்கிறா பக்கத்து வீட்டுக் கிழவி. மின்சாரக் கந்தோருக்குப் போன் எடுத்தேன். ஊருக்குள்தான் நிலத்துக்குக் கீழே, ஊருக்கு வரும் கரண்ட் வெளியில் கோபுரம் கோபுரமாகக் கம்பியில்தான் வருகிறது, உறுதி சொல்ல முடியாது என்றான் அங்கே இருந்தவன். ஆஸ்பத்திரி நேர்ஸ், போகும் என்றே நினைத்து ஆயத்தமாக இரு என்றா. சனிக்கிழமை அங்கே கொண்டுவரட்டுமா என்று கேட்டேன். தூரத்தில் இருக்கிறவர்களுக்கே கட்டில் போதவில்லை என்று சொல்லிவிட்டா. ஒரு நாள் பிந்தலாம், அதற்கு மேல் இதயம் தாங்காது என்றும் சொன்னா. ரிவிக்காரன் நாலைந்து நாள் என்கிறான்.

இதை அவருக்குப் பக்கத்தில் இருந்துதான் எழுதுகிறேன். மெசின் ஓடுகிறது. நாளைக்குக் கடைக்குப் போய் ரோச் லைற்றுக்கு பற்றரியும் மெழுகுதிரியும் வாங்கவேண்டும்.

07-02-1986, வெள்ளிக்கிழமை

கடைக்குப் போய்விட்டுத் திரும்பும்போது வழுக்கி விழுந்துவிட்டேன். மழை இன்னும் வரவில்லை, பழைய பனி கண்ணாடியாக இறுகிக் கிடந்திருக்கிறது. இடது கையை ஊன்றி விழுந்ததில் மணிக்கட்டு வீங்கிவிட்டது. எலும்பு முறியவில்லை, கட்டுப் போட்டிருக்கிறார்கள். அந்தக் கையால் ஒரு கோப்பை கூடத் தூக்க ஏலவில்லை. வலது கை இருப்பதால் எழுதுகிறேன், நாளைக்கு ஊசியும் குத்திவிடுவேன். கைப்பிடியையும் சுற்றலாம். குழாயை யார் பிடிப்பது?

நேர்ஸுக்குச் சொன்னேன். இன்னொருவர் அறைக்குள் நிற்காமல் மெசினைத் தொடக்கூடாது என்று கண்டிப்பாகச் சொல்லிவிட்டா. உங்களுக்கு உறவினர் இல்லையா, உங்கள் ஆட்கள் எப்போதும் கூட்டம் கூட்டமாக இருப்பீர்களே என்று கேட்டா. எனக்கு அழுகை வந்துவிட்டது. இருக்கிறார்கள் தாயே, ஒருவருக்கும் சொல்லவில்லை என்று எந்த வாயால் சொல்வது?

யார் யாரைக் கேட்கலாம் என்று யோசித்தேன். இவருடன் படித்த இராஜேந்திரன் லூயிஷாமில் இருக்கிறார். ரயில் ஓடாவிட்டால் அவர் அங்கே, நாங்கள் இங்கே. என் ஒன்றுவிட்ட தங்கச்சி லண்டனின் மற்றக் கரையில். கார் வைத்திருப்பவர்கள் எல்லாம் காரை வெளியே எடுக்கமாட்டோம் என்கிற நேரம். பக்கத்து வீட்டுக் கிழவிக்குத் தன் கையே நடுங்கும். ஐஸ் விழுந்தால் நடந்து வரக்கூடிய தூரத்தில் இருக்கிறவர்கள்தான் மனிதர். அந்தத் தூரத்தில் எங்களுக்கு ஒரே ஒரு தமிழ் வீடுதான் இருக்கிறது. அடுத்த தெருவில் சந்திரவதனா அக்கா.

ஓம் மச்சாள். மாப்பிள்ளை சிவானந்தனின் சொந்தத் தமக்கை. இத்தனை மாதமாக நாங்கள் யாரைக் கண்டால் திரைச்சீலையை இழுத்து மூடினோமோ அந்த ஆள்.

உங்கள் தம்பிக்குச் சொன்னேன். அவர் கோபப்பட்டு நான் அதிகம் பார்த்ததில்லை. "அவவிட்டை மட்டும் போகாதை. பிள்ளையின்ரை வாழ்க்கையைக் கெடுக்காதை. நான் செவ்வாய்க்கிழமை வரைக்கும் தாங்குவன்" என்றார். முகம் ஏற்கெனவே ஊதியிருக்கிறது, படியேறினால் மூச்சு வாங்குகிறது, இவர் செவ்வாய்க்கிழமை வரை தாங்குவாராம்! எனக்கும் வாய் மீறிவிட்டது. "உங்கடை மருமகளுக்குப் புருஷன் தேடுறதுக்கு நான் என்ரை புருஷனைக் குடுக்கேலாது" என்று சொல்லிவிட்டேன். அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துவிட்டார். நான் கோட்டைப் போட்டுக்கொண்டு, சுவரைப் பிடித்துப் பிடித்து நடந்து போனேன்.

சந்திரவதனா அக்கா கதவைத் திறந்ததும் என் கைக்கட்டைத்தான் முதலில் பார்த்தா. உள்ளே இருத்தித் தேத்தண்ணி தந்தா. எங்கே தொடங்குவது என்று தெரியாமல் ஐஸ் மழையிலிருந்து தொடங்கினேன். மெசின், ஊசி, கைப்பிடி, எல்லாவற்றையும் சொன்னேன். மறைக்கச் சொன்னது நீங்கள்தான் என்பதை மட்டும் சொல்லவில்லை. சொல்லத் தேவையும் இருக்கவில்லை, அவவுக்குத் தானாக விளங்கிவிட்டது. "தைப்பொங்கலண்டு நான் பொங்கலோடை வந்து மணி அடிக்க, நீங்கள் உள்ளுக்கை இருந்துகொண்டு திறக்கேல்லை. கடன்காரருக்குப் பயந்து இருக்கிறீங்கள் ஆக்கும் எண்டு நினைச்சன்" என்றா. அது செவ்வாய்க்கிழமை. இவர் மெசினில் இருந்தார், நான் குழாயைப் பிடித்துக்கொண்டு மணிச் சத்தம் ஓயட்டும் என்று மூச்சைப் பிடித்திருந்தேன்.

நான் தேத்தண்ணியையே பார்த்துக்கொண்டிருந்தேன். கடைசியில் அவ சொன்னதை ஒரு சொல்லும் மாற்றாமல் எழுதுகிறேன். "நாளைக்குக் கடையிலை அரை நாள் வேலை. ஒரு மணிக்கு நான் வாறன். ஆனால் ஒண்டு, என்ரை தம்பிக்கு நான் இதை மறைக்க மாட்டன். கை தாறது வேறை, அது வேறை."

எனக்கு அவவின் காலைப் பிடிக்கவும் தோன்றியது, கோபமும் வந்தது. இரண்டையும் செய்யாமல் வீட்டுக்கு வந்தேன்.

08-02-1986, சனிக்கிழமை

இப்போது பின்னேரம் நாலு மணி இருக்கும். மெசின் ஓடுகிறது. சந்திரவதனா அக்கா சொன்னபடி வந்தா. வரும்போது சோறும் கத்தரிக்காய்க் குழம்பும் கட்டிக்கொண்டு வந்தா. அவருக்கு உப்பும் உருளைக்கிழங்கும் ஆகாது என்று நான் நேற்றுச் சொன்னதை நினைவு வைத்து, உப்பில்லாமல் புறம்பாக ஒரு கறி. உங்கள் தம்பி அவவின் முகத்தைப் பார்க்கக் கூச்சப்பட்டுக் கண்ணை மூடிக்கொண்டிருந்தார். அவ கட்டிலுக்குப் பக்கத்தில் இருந்த பாமாவின் படத்தை எடுத்து நன்றாகப் பார்த்தா, திரும்ப அதே இடத்தில் வைத்தா. பிறகு கைப்பிடியை எப்படிச் சுற்றுவது, குழாயை எப்படிப் பிடிப்பது என்று என்னிடம் கேட்டுக் கேட்டுப் பழகினா. குழாயில் இரத்தத்தைக் கண்டதும் முகம் வெளிறிவிட்டது, ஆனாலும் கதிரையை விட்டு எழும்பவில்லை.

மூன்று மணிக்கு மழை தொடங்கியது. ரிவிக்காரன் சொன்னதிலும் முந்திவிட்டது. ஜன்னலில் பட்ட துளி ஓடவில்லை, அப்படியே ஒட்டிக்கொண்டது. தெருவில் ஒரு சனம் இல்லை. சற்று முன் லைற் ஒருமுறை மங்கி, திரும்ப வந்தது. மூன்று பேரும் ஒருவரையொருவர் பார்த்தோம். அவ எழும்பிப் போய்க் குழாயைப் பிடித்துக்கொண்டா, இன்னும் விடவில்லை. ரோச் லைற்றை என் மடியில் வைத்துக்கொண்டு இதை எழுதுகிறேன். இன்னும் இரண்டு மணித்தியாலம் இந்த லைற் நிற்கவேண்டும், மச்சாள். அதற்குப் பிறகு எத்தனை நாள் போனாலும் போகட்டும். செவ்வாய்க்கிழமையைப் பற்றி நான் இன்று நினைக்கப் போவதில்லை.

இன்று போகும்போது இந்தக் கடிதத்தைத் தபாலில் போடும்படி அவவிடமே கொடுக்கப்போகிறேன். இனி ஒளிக்க என்ன இருக்கிறது? இது உங்கள் கையில் கிடைக்க முதல் ஹரோவுக்குச் செய்தி போயிருக்கும். முடிந்தால் நீங்களே அங்கே ஊரில் இருக்கிற மாப்பிள்ளை வீட்டாரிடம் போய், டாக்டர் சொன்னதையும் சேர்த்துச் சொல்லிவிடுங்கள். பாமாவுக்கும் சொல்லுங்கள், அவள் விபரம் தெரிந்த பிள்ளை. சம்பந்தம் குழம்பினால் என்னைத் திட்டுங்கள். எவ்வளவு கடுமையாக வேண்டுமானாலும் எழுதுங்கள், என் பெயருக்கு எழுதுங்கள், நான் வாங்கிக்கொள்கிறேன். அவர் போகாதே என்றுதான் சொன்னார்.

இன்னொன்றும் எழுதிவிட்டு முடிக்கிறேன். கடிதம் வேறு ஆட்கள் கையில் அகப்பட்டுவிடும் என்ற பயத்தில் நீங்கள் ஒரு வருஷமாக அவரைப் பற்றி ஒரு சொல்லும் எழுதுவதில்லை. காரணம் எனக்குத் தெரியும், அவருக்கும் தெரியும். தெரிந்தும், உங்கள் கடிதம் வரும் நாளில் நான் வாசித்து முடித்த பிறகு அவர் அதை வாங்கி, முன்னும் பின்னும் திருப்பி, ஓரத்தில் ஏதும் எழுதியிருக்கிறதா என்று பார்க்கிறார். பிறகு, அக்காவின் கையெழுத்து நல்ல கையெழுத்து என்று சொல்லிவிட்டு மடித்து வைக்கிறார்.

இனி ஒருவருக்கும் பயப்பட ஒன்றுமில்லை, மச்சாள். கோபம் ஆற எவ்வளவு நாள் எடுத்தாலும் எடுக்கட்டும், ஆறிய பிறகு அவர் பெயருக்கு ஒரு கடிதம் போடுங்கள். தம்பி, இப்போது உனக்கு எப்படி இருக்கிறது என்று கேளுங்கள். நீளமாக எழுதத் தேவையில்லை. கெதியாகப் போடுங்கள்.

உங்கள் எல்லோருடைய நலத்துக்கும் கடவுளை வேண்டும்,
சிவகௌரி பாலேந்திரா