யாரும் வரவில்லை

அக்டோபர் 4
மூன்றாவது நாவலும் முடிந்துவிட்டது! நான் சிறுமியாக இருந்தபோது மங்கோலியாவிலிருந்து மூட்டை முடிச்சோடு முன்னோர் நாட்டுக்கு வந்து இந்தக் கசாக் கிராமத்தில் குடியேறிய எங்கள் கதைதான். இந்த முறை ஒளிவுமறைவே இல்லை. முதல் வரி: “யாரும் வரவில்லை.” புதிதாகக் குடிவந்தவர்களுக்கு அக்கம்பக்கத்தார் முதல் விருந்து வைப்பது கசாக்குகளின் வழக்கம். நாங்களும் கசாக்குகள்தானே? எங்களுக்கு ஒருவரும் வைக்கவில்லை. அந்தக் கோபத்திலேயே முந்நூறு பக்கம் ஓடியிருக்கிறது. பதினைந்தாம் தேதி அச்சுக்குப் போகிறது.

அக்டோபர் 6
நூலகத்தில் முதல் அத்தியாயம் வாசித்தேன். பக்கத்து வீட்டு ரைகான் அக்கா நடுவிலேயே எழுந்துவிட்டாள்.
“ஏண்டி குல்யாஷ், யாரும் வரலையா? நீங்க குடிவந்த அன்னைக்கே ஒரு தட்டு நிறையக் குதிரைக்கறியைத் தூக்கிட்டு உங்க வாசல்ல நின்னேனே, நான் யாரு, பேயா? தட்டித் தட்டிக் கை வீங்கினதுதான் மிச்சம்!”
கூட்டம் சிரித்தது. எனக்குச் சிரிப்பு வரவில்லை.

அக்டோபர் 7
அக்கா முகம் கொடுத்துப் பேசவில்லை. இருபத்தைந்து வருடப் பழக்கம். என் பிள்ளைகளைப் பாதி வளர்த்ததே அவள்தான். பொய் சொல்கிறாளா? அவளுக்குப் பொய் சொல்ல வராதே. அப்படியானால் என் நாவல்?

அக்டோபர் 8
அம்மாவிடம் கேட்டேன். உப்புத் தேநீரை உறிஞ்சிக்கொண்டே சர்வசாதாரணமாகச் சொல்கிறாள்:
“ஆமா, யாரோ தட்டினாங்க. மங்கோலியாவுல, நம்ம ஊர்ல யாருடி கதவைத் தட்டுவா? வர்றவங்க பாட்டுக்குத் திறந்துட்டு உள்ள வருவாங்க. தட்டினா அதிகாரிதான். நமக்கு இன்னும் குடியுரிமைக் காகிதம் வரல, அதைக் கேக்க வந்துட்டான்னு உங்களையெல்லாம் கட்டிலுக்கு அடியில தள்ளினேன்.”
கட்டில்! தம்பி தும்மப் பார்த்தான், நான் அவன் மூக்கைப் பிடித்தேன். ஐயோ, அதைக் கண்ணாமூச்சி விளையாட்டு என்று மூன்றாம் அத்தியாயத்தில் எழுதி வைத்திருக்கிறேனே!
“ஏம்மா இத்தனை வருஷமா சொல்லல?”
“நீ எங்கடி கேட்ட? எழுதிக்கிட்டேல்ல இருந்த.”

அக்டோபர் 9
பதிப்பாளர் மராத்துக்குப் போன் செய்தேன்.
“முதல் வரி தப்பு.”
“ஒரு வரிதானே, மாத்திடலாம்.”
“அதுக்குப் பின்னாடி வர்ற முந்நூறு பக்கமும்.”
நாட்காட்டியைப் புரட்டும் சத்தம் கேட்டது. பிறகு, “வசந்தம் வரைக்கும் அவகாசம் தர்றேன். அதுக்குள்ள வேற யாராவது வந்தாங்கன்னு சொல்லாதீங்க” என்றார்.
வெட்கமாகத்தான் இருக்கிறது. ஆனால் காலையிலிருந்து பாடிக்கொண்டே வீட்டு வேலை செய்கிறேன். எங்களைத் தேடி ஒருத்தி வந்திருக்கிறாள்!

அக்டோபர் 10
வேலியோரம் நின்று அக்காவிடம் கட்டில் கதையைச் சொல்லி மன்னிப்புக் கேட்டேன். அவள் வாளியை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள். தோள்கள் குலுங்கின. அழுகையா, சிரிப்பா?

அக்டோபர் 12
மதியம் எல்லோரும் சாப்பிட உட்கார்ந்தோம். கதவு படாரென்று திறந்தது. ஆவி பறக்கும் பெரிய தட்டோடு ரைகான் அக்கா நேராக நடுவீட்டுக்கு வந்துவிட்டாள்.
“என்னக்கா, தட்டக்கூட இல்லையே!”
“தட்டினா மறுபடியும் கட்டிலுக்கு அடியில போயிடுவீங்களேடி!”
அம்மா நகர்ந்து உட்கார்ந்து தன் பக்கத்தில் அவளுக்கு இடம் விட்டாள்.