அசல் எங்கே என்று கேட்டார்கள், அம்மா

கோபத்தோடு எழுதினாலும் என் செல்ல அம்மாவாகவே இருப்பவளுக்கு,

உன் மரணச் சான்றிதழ் வந்துவிட்டது. இதே நாட்டில், நிபோங் திபால் ரப்பர் தோட்டத்தில் பிறந்து ஜெலுத்தோங் அடுக்குமாடியில் செத்த உன்னை அதில் 'நிரந்தரவாசி' என்று போட்டிருக்கிறார்கள். குடிமகள் இல்லையாம். செத்தவளுக்கு நிரந்தரவாசி! எனக்குச் சிரிப்புத்தான் வந்தது.

தோட்ட ஆஸ்பத்திரியில் எழுதிக் கொடுத்த பிறப்புச் சீட்டையும் பள்ளிச் சான்றிதழையும் ஓர் உறையில் போட்டுச் சேலைகளுக்கு அடியில் எப்படிக் காத்தாய்! குடியுரிமைக்கு விண்ணப்பித்தபோது தம்பி டேப்லெட்டோடு வந்தான். ஒவ்வொன்றாக மேசையில் வைத்து ஸ்கேன் செய்தான். தலைக்கு மேல் சுழன்ற காற்றாடிக்குப் பறக்காமல் நீ ஓரத்தை அழுத்திக்கொண்டாய்.

"வெரல எடும்மா, நெழல் விழுது."

"பறந்துரும்டா."

"பறந்தா பறக்கட்டும் லா. அதான் எல்லாம் இதுல ஏறிடுச்சே."

தீபாவளிக்குச் சாயம் அடிக்க அலமாரியைக் காலி செய்தவன், அந்த உறையையும் பழைய பேப்பர் லாரியில் போட்டுவிட்டான். உன்னைக் கேட்கக்கூட இல்லை. அலமாரியைத் திறந்துவைத்துக்கொண்டு நின்றாயே, அப்போது என்ன நினைத்தாய்?

பிறகு நேர்காணலுக்கு அழைத்தார்கள். கவுன்டரில் இருந்த பெண் நல்லவள்தான். "யாங் அசால் மானா, மக் சிக்?" என்றாள். அசல் எங்கே என்கிறாள்; மலாயிலும் அசலுக்கு அதே சொல்தான். நான் மொழிபெயர்க்கும் முன்பே உன் முகம் செத்துவிட்டது. டேப்லெட்டைக் காட்டினேன். பக்கங்கள் பளிச்சென்று இருந்தன. கறையை நீக்குகிறேன் என்று அந்தச் செயலி மங்கிய முத்திரையையும் சேர்த்து வெளுத்திருந்தது. முத்திரை தெரியாத நகலை ஏற்க முடியாது என்றாள். மறுபடி வாங்கலாம் என்றால் அந்தத் தோட்டமே இல்லை, வீடுகள் கட்டிவிட்டார்கள்.

காரில் நீ சொன்னது ஒன்றுதான்: "தம்பிகிட்ட சொல்லாத. தாங்க மாட்டான்."

அவனிடம் தேதி தள்ளிப்போனதாகச் சொன்னாய். நானும் தலையாட்டினேன். அடுத்த மழைக்காலத்துக்குள் போய்ச் சேர்ந்தாய். கொள்ளி வைத்தவன் அவன். கருமக்கிரியையன்று உன் பள்ளிச் சான்றிதழைத் தொலைக்காட்சியில் பெரிதாக்கிக் காட்டினான். "புள்ளைன்னா இப்படி இருக்கணும்," என்று அத்தை கண்ணைத் துடைத்தாள். நான் எல்லோருக்கும் தேநீர் கொடுத்துக்கொண்டிருந்தேன்.

நேற்று டேப்லெட்டோடு வந்தான்.

"அம்மாவோட டெத் சர்டிபிகேட்ட குடுக்கா, ஸ்கேன் பண்ணிட்டுத் தந்துடுறேன்."

"அம்மா ஏன் சிட்டிசன் ஆகலன்னு தெரியுமாடா?"

"இன்டர்வியூ தள்ளிப்போச்சில்ல?"

"தள்ளிப் போகல."

எல்லாவற்றையும் சொன்னேன். லாரி, கவுன்டர், முத்திரை, காரில் நீ சொன்னது. நிறுத்தி நிதானமாகச் சொன்னேன். தரையில் உட்கார்ந்து அழுதான். தண்ணீர்கூடக் கொடுக்கவில்லை. நீ இருந்திருந்தால் அவனைத்தான் அணைத்திருப்பாய், இல்லையா?

உன் சொல்லை மீறினேன். மன்னிப்புக் கேட்கப்போவதில்லை. ஒரு வாக்கு மட்டும் தருகிறேன் அம்மா. அவனைத் தனியாக விடமாட்டேன். தீபாவளிக்குக் கூப்பிட்டுச் சோறு போடுவேன், காய்ச்சல் என்றால் போய்ப் பார்ப்பேன். மறக்க மட்டும் விடமாட்டேன்.

அவனுக்கு அக்காவாகவும் இருக்க வேண்டிய
உன் மகள்