ரெஸ்யூமில் அந்த நான்கு வருடம்

ஏனுங்க,

பெருந்துறைக் கல்லூரியில் பத்து மணிக்கு இன்டர்வியூ. ஆறரை பஸ்ஸுக்குக் கிளம்புகிறேன். எழுப்ப மனம் வரவில்லை, கோபமும் இன்னும் தீரவில்லை.

அத்தைக்குக் கஞ்சி அடுப்பில் இருக்கிறது. சாப்பிடும் முன் சர்க்கரை மாத்திரை. பதினொரு மணிக்கு ஒருமுறை திருப்பிப் படுக்க வையுங்கள்.

"அம்மாளப் பாத்துக்கிட்டத எல்லாம் ஒரு வேலைன்னு எழுதுவாங்களா அம்மணி? டியூஷன் எடுத்தேன்னு போடு" என்றீர்கள். போட்டேன். காலையில் அந்தப் பொய்யைப் பார்க்கவே அலுப்பாக இருந்தது, அழித்துவிட்டேன். 'நான்கு வருடம் படுக்கையிலிருக்கும் மாமியாரைக் கவனித்தேன். ஆங்கிலத்தில் வந்த வெளிநாட்டு நாவல்களை அவருக்குத் தமிழில் சொன்னேன்' என்று எழுதியிருக்கிறேன். பகுதிநேர ஆங்கில ஆசிரியை வேலைதானே. கொடுத்தால் கொடுக்கட்டும்.

யுவஸ்ரீ

மறந்துவிட்டேன்: மதியம் அத்தை கதை கேட்பார். கப்பலைத் தவறவிட்ட பெண் துறைமுகத்தில் நிற்கிறாள். "அந்தப் புள்ள ஊடு போய்ச் சேந்துச்சா?" என்று நேற்றே கேட்டார். தலையணைக்கு அடியில் புத்தகம், பக்கம் மடித்திருக்கிறது. உங்கள் தமிழிலேயே சொல்லுங்கள்.

எத்தனை பக்கம் சொன்னீர்கள், நடுவில் அத்தைக்காக எத்தனை முறை எழுந்தீர்கள் என்று சாயங்காலம் கேட்பேன்.