தெற்கு மாமரம்

17-5-1994, செவ்வாய். செங்கல் கிராமம்.

இன்று கொழுந்தன் மரவெட்டியோடு வந்து எங்கள் தெற்கு மாமரத்தைச் சாய்த்துவிட்டார். எங்கள் ஊரில் ஆள் இறந்த பிறகுதான் சிதைக்கு மாமரத்தில் கோடாலி வைப்பார்கள். என் கணவர் இன்னும் கட்டிலில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கிறார். ஓடிப்போய்க் கேட்டேன்.

“அண்ணன் சம்மதிச்சாச்சுல்லா மைனி? ஒங்க கவிதையிலயே உண்டே. மழைக்கு முன்ன வெட்டினா வெறகு காயும்.”

‘தெற்கு மாமரமே, நான் நிம்மதியாகவே வருகிறேன்’ என்று என் கணவர் சொல்வதாகப் போன மாதம் எழுதினேன். வாசகசாலையில் மைக்கில் வாசித்தபோது கைதட்டினார்கள். அந்தக் கைதட்டல் எனக்குப் பிடித்திருந்தது. இவரிடம் மட்டும் காட்டவில்லை.

மரம் விழுந்த சத்தம் கேட்டு இவர் விசாரித்ததில் எல்லாம் வெளியே வந்துவிட்டது. கவிதையை வாங்கி இரண்டு தடவை படித்தார்.

“எனக்கு சம்மதம்னு ஒன்கிட்ட ஆரு சொன்னா?”

தாளை என்னிடமே திருப்பித் தந்தார்.

“நல்ல கவிதையாக்கும். அதுல நான்னு வாற எடத்துல எல்லாம் ஒனக்க பேரை எழுது.”

இப்போது தூங்குகிறார். தாள் என் முன்னால்தான் கிடக்கிறது. இந்தப் பக்கம் முழுவதும் ஓடிய பேனா, அந்தத் தாளில் என் பேரின் முதல் எழுத்தைக்கூடப் போட மாட்டேன் என்கிறது.