சிவப்புப் புள்ளி வைத்த டம்ளர்கள்

சேந்தமங்கலம்
3 மே 2025

போனை எடுக்காத குணசீலன் மாமாவுக்கு,

இதனால் சகலருக்கும் அறிவிப்பது யாதெனில், நம் வீட்டுச் சேவல் இனி விடியலில் கூவாது. பகல் பதினொரு மணிக்கு எழுந்துதான் கூவும். துக்கம் விசாரிக்க விரும்புவோர் நேரில் வரவும்.

அடுத்த செய்தி. தங்கச்சி இனியாவுக்கு வைகாசிக் கடைசியில் காது குத்து. தாய்மாமன் மடிதான் வேண்டும். ஆனால் தெய்வநாயகி அத்தை ஸ்டெப்னி மாமனை ஏற்பாடு செய்கிறார். "டிபி வந்தவன் மடியில புள்ளைய வெப்பாங்களா? உன் பெரியம்மா பையன் ஜீவானந்தமும் மாமன்தானே" என்கிறார் அம்மாவிடம். நீங்கள் வந்தே ஆகவேண்டும்.

மருமகன்,
நவநீதகிருஷ்ணன்
(பெயர்தான் வெண்ணெய், ஆள் காரம்)

அம்மாபேட்டை, சேலம்
9 மே 2025

அன்பு மாப்பிள்ளைக்கு,

சேவலுக்கு என் அனுதாபம். அதுவும் என்னைப்போல போர் போடும் ரிக் வண்டியில் நைட் ஷிப்ட் பார்த்திருக்கும்.

மாத்திரை முடிந்துவிட்டது. கிருமி இல்லை, முழுக்கக் குணம் என்று டாக்டர் சொல்லிவிட்டார். ரிக் ஓனரிடம் சொன்னதற்கு, "எதுக்கும் கொஞ்ச நாள் போகட்டுங்க" என்றார். இப்போது லாரி புக்கிங் ஆபீசில் இருக்கிறேன். இங்கே யாருக்கும் தெரியாது.

பொங்கலுக்கு வந்தபோது, நான் குடித்த டம்ளரில் உன் அத்தை நகப்பூச்சால் சிவப்புப் புள்ளி வைத்ததைப் பார்த்தேன். குறையாகச் சொல்லவில்லை. ஜீவானந்தமே உட்காரட்டும், சாமி. மாமன் சீர்த் தோட்டை மட்டும் அனுப்பிவைக்கிறேன்.

உன் மாமா

சேந்தமங்கலம்
14 மே 2025

மாமா,

வெற்றி. அத்தையின் நகப்பூச்சையே எடுத்து வீட்டிலுள்ள எல்லா டம்ளரிலும் புள்ளி வைத்துவிட்டேன். எது உங்களுடையது என்று இனி யாருக்கும் தெரியாது. அத்தை ஒரு நாள் முழுக்க உள்ளங்கையில் தண்ணீர் குடித்தார். "ஏனுங்கக்கா, காப்பியும் கையிலயே ஊத்தட்டுங்களா?" என்றார் அப்பா.

அகராதி பிடித்தவன் என்று என்னைத் திட்டுவார்களே, அந்த அகராதியில் பயம் என்ற சொல்லே இல்லை.

அஞ்சாநெஞ்சன்,
நவநீ

அம்மாபேட்டை
20 மே 2025

மாப்பிள்ளை,

ஆபீசில் எல்லோரும் திரும்பிப் பார்க்கும்படி சிரித்தேன். இருமல் வரவில்லை.

ஆனாலும் வரமாட்டேன். அத்தையை விடு, எனக்கே பயமாக இருக்கிறது. டாக்டர் சொன்னது காதில் இருக்கிறது, நெஞ்சுக்குள் இறங்கவில்லை. பாப்பாவின் முகத்துக்குப் பக்கத்தில் எப்படி மூச்சு விடுவேன்? தோடு இத்துடன் வருகிறது. அக்காவிடம் கொடு.

குணசீலன்

சேந்தமங்கலம்
27 மே 2025

அன்புள்ள மாமாவுக்கு,

தோடு இத்துடன் திரும்பி வருகிறது. "மாமனே கொண்டாரட்டும்" என்றார் அம்மா.

அம்மா அத்தையை ஆஸ்பத்திரிக்கு அழைத்துப்போய் நர்சிடம் கேட்கவைத்தார். இந்த நோய் டம்ளரில் பரவவே பரவாதாம். குணமானவர் குழந்தையைத் தாராளமாகக் கொஞ்சலாமாம். வீடு வந்ததும் அம்மா சொன்னார்: "எந்தம்பி மடி இல்லீன்னா காது குத்தே வேண்டாமுங்க." பிறகு அத்தை, "அவனுக்குக் காப்பில சக்கரை தூக்கலா இருக்கோணும்" என்றார். அத்தை மன்னிப்புக் கேட்டால் அப்படித்தான் இருக்கும்.

உங்களுக்கும் பயம் என்று எழுதினீர்கள். அதனால்தான் இதைச் சொல்லத் துணிகிறேன். எல்லா டம்ளரிலும் புள்ளி வைத்ததாகப் பீற்றிக்கொண்டேனே, ஒன்றில் வைக்கவில்லை. அதை அரிசி டிரம்முக்குப் பின்னால் ஒளித்துவைத்து, நான் மட்டும் குடித்துக்கொண்டிருந்தேன்.

நேற்று அம்மா கண்டுபிடித்துவிட்டார். "இது யாருக்குச் சாமி?" என்றார். திட்டவில்லை, அதிலும் ஒரு புள்ளி வைத்து மற்றவற்றோடு கலந்துவிட்டு, கைக்கு வந்த ஒன்றில் காப்பி ஊற்றிக் கொடுத்தார்.

குடித்தேன், மாமா. முதல் மடக்குக்கு மட்டும் கண்ணை மூடிக்கொண்டேன்.

அசடு வழியும்,
நவநீதகிருஷ்ணன்