அறுபத்திரண்டு வீட்டுப் பதில்

அன்பு மகளுக்கு அப்பா எழுதுவது. இங்கே நானும் உன் அம்மாவும் நலம், என் முழங்கால் மட்டும் மாடிப்படியோடு தினமும் சண்டை போடுகிறது. நீயும் மாப்பிள்ளையும் வேளாவேளைக்குச் சாப்பிட்டு சௌக்கியமாக இருக்கிறீர்கள் என்றே நினைத்துக்கொள்கிறேன். முதலில் சங்கதியைச் சொல்லிவிடுகிறேன், நாம் ஜெயித்துவிட்டோம்.

நம் குடியிருப்பு மொட்டைமாடியில் சங்கமாகச் சேர்ந்து சோலார் போட்டு அறுபத்திரண்டு வீடும் பகிர்ந்துகொள்கிறோம் அல்லவா, அதற்கு மின்சார ஆணையம் வேட்டு வைக்கப் பார்த்தது. கூரைக்கு நேர் கீழே உள்ள வீடு மட்டுமே அந்த மின்சாரத்தைப் பயன்படுத்தலாம் என்று புது விதிக்கு வரைவு போட்டு, ஒரு மாதத்துக்குள் மக்கள் கருத்துச் சொல்லலாம் என்றார்கள். அது வந்தால் தரைத்தளத்து நர்ஸ் அக்கா கதி என்ன, பகலில் கரண்ட் போகும்போதெல்லாம் அவருடைய மூச்சு மெஷின் நம் பேட்டரியில்தானே ஓடுகிறது. முப்பது வருடம் மீட்டர் கணக்கெடுத்தவன் என்ற மிதப்பில் நான் மேற்படி, மேற்கண்ட என்று ஒன்பது பக்கம் எழுதி, நகல் எடுத்து, வீட்டுக்கு ஒன்றாகக் கையெழுத்து வாங்கி அனுப்பினேன். ஆணையத்து அலுவலகப் பெண் போனில், "ஒரே மாதிரி எத்தனை வந்தாலும் ஒரு பதிலாத்தான் சார் எடுத்துக்குவோம்" என்றாள். கெடு முடிய ஆறே நாள். என் முகத்தில் ஈயாடவில்லை.

உன் அம்மா தையல் மெஷினை விட்டு எழுந்திருக்காமலே, "ஊருக்கெல்லாம் ஒரே அளவுல சட்டை தைச்சா யாருக்குங்க பொருந்தும்" என்றாள். அளவு குறிக்கும் நோட்டை எடுத்துக்கொண்டு வீடு வீடாகக் கிளம்பிவிட்டாள், இந்தக் கரண்ட் நின்றால் உங்கள் வீட்டில் என்ன நிற்கும் என்ற ஒரே கேள்வி. சொன்னதைச் சொன்னபடியே எழுதி, படித்துக்காட்டிக் கையெழுத்து வாங்கினாள். ரொட்டிக் கடைக்காரர் மாவு பிசையும் மெஷின் என்றார், டீச்சர் தண்ணீர் மோட்டார் என்றார். நர்ஸ் அக்கா வீட்டுக்கு மேலே முதல் மாடியில் சிடுமூஞ்சி இருக்கிறாரே, யாரிடமும் பேசாதவர், அவர் பேட்டரி அறை இரைச்சலில் தூங்க முடியவில்லை என்று ஆரம்பித்தார். இதை அனுப்புவது நம் தலையில் நாமே மண்ணை வாரிப் போட்டுக்கொள்வது என்று நான் குதித்தேன், மேலே படிக்கக்கூட இல்லை. அம்மா அசைவாளா, கட்டோடு சேர்த்து அனுப்பிவிட்டாள்.

நேற்று முடிவு வந்தது. அந்த விதியையே அடியோடு எடுத்துவிட்டார்கள். காரணம் சொல்லும் இடத்தில் என் ஒன்பது பக்கத்திலிருந்து ஒரு வார்த்தை கிடையாது, சிடுமூஞ்சியின் பதிலைத்தான் அப்படியே போட்டிருந்தார்கள். வாசலில் எல்லோரும் கூடி நிற்க அம்மா உரக்கப் படித்தாள். "சத்தம் தாங்கல, தூக்கமே இல்லை. ஆனா பகல்ல கரண்ட் போனா கீழ் வீட்டம்மா மெஷின் நிக்காம ஓடுற சத்தமும் எனக்குக் கேக்குது. அதுக்காக இது இருந்துட்டுப் போகட்டும்." எல்லோரும் கைதட்டினார்கள், ரொட்டிக் கடைக்காரர் விசிலே அடித்தார். நர்ஸ் அக்கா மட்டும் இன்னொரு தடவை படிக்கச் சொல்லிக் கேட்டுவிட்டு, "எட்டு வருஷமா நான் மூச்சு விடுறதை ஒருத்தர் கேட்டுக்கிட்டே இருந்திருக்கார்" என்றார். எனக்குக் கண் கலங்கிவிட்டது, சொல்ல வெட்கமில்லை.

அங்கேயே அம்மாவைச் சங்கத் தலைவி ஆக்கிவிட்டோம். இந்த ஞாயிறே பேட்டரி அறையில் சத்தம் அடக்கும் பலகை அடிக்க வேண்டும் என்பது அவளுடைய முதல் உத்தரவு, சுத்தியல் என் கையில். நீங்கள் இருவரும் ஒரு குறையும் இல்லாமல் நீடூழி வாழ வேண்டும். மறக்காமல் போன் செய், தலைவி இருக்காங்களா என்று கேள். வாய்விட்டுச் சொல்லமாட்டாள், காலையிலிருந்து போன் பக்கத்திலேயேதான் உட்கார்ந்திருக்கிறாள்.

இப்படிக்கு,
தலைவியின் கணவனும் உன் அப்பாவுமான நான்