மனைவி தேடும் பெயர்களைப் பதிவில் படிக்கும் பிரிவுத் தலைவர் குறித்த மனு

அனுப்புநர்:
தனியார் நிறுவனம் ஒன்றின் கிளவுட் பிரிவில் பணிபுரியும் பெண்
(பெயரும் முகவரியும் தனி உறையில் வைத்துள்ளேன்)

பெறுநர்:
பெண்கள் பாதுகாப்பு அலுவலர் அவர்கள்

பொருள்: எங்கள் பிரிவுத் தலைவர் நிறுவனத்தின் இணையப் பதிவைக் கொண்டு தம் மனைவியைக் கண்காணிப்பது – அவரை இன்று மதியமே பாதுகாப்பான இடத்தில் சேர்க்க வேண்டுதல் – தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. இம்மனுவை மின்னஞ்சலில் அனுப்பாமல் கையால் எழுதித் தருகிறேன். தங்கள் அலுவலகத்தின் இணையதளத்தை எந்தக் கணினியிலும் நான் தேடவில்லை. தெருவில் விசாரித்து, பெயர்ப்பலகையைப் பார்த்து உள்ளே வந்தேன். பயம்தான் காரணம்.

2. எங்கள் வீட்டில் கல்லூரிக்குப் போன முதல் ஆள் நான். "கம்ப்யூட்டருக்கே வேலை சொல்ற வேலை" என்று அம்மா அக்கம்பக்கத்தில் பெருமையாகச் சொல்வார். உண்மையும் அதுதான். நிறுவனத்தின் கணினிகள் கிளவுடில், அதாவது இணையம் வழியே வாடகைக்கு எடுத்த இடத்தில், இயங்குகின்றன. ஒவ்வொரு பிரிவுக்கும் ஒரு மெய்நிகர் வலையமைப்பு உண்டு. கறுப்புத் திரையில் கட்டளைகளை அடித்து அவற்றை நிர்வகிப்பவர்களுள் நானும் ஒருத்தி.

3. எந்த இணையதளத்தைத் திறந்தாலும், கணினி முதலில் அதன் பெயரைச் சொல்லி, "இது எங்கே இருக்கிறது?" என்று டி.என்.எஸ். சேவையிடம் கேட்கும். எந்தக் கணினி எந்தப் பெயரைக் கேட்டது என்பதைக் குறித்து வைக்க ஒரு வசதி உண்டு. தீங்கு செய்யும் மென்பொருள் நுழைந்தால் கண்டுபிடிக்க, எங்கள் சர்வர் வலையமைப்புகளில் அதை இயக்கி வைத்திருந்தோம். அதில் தவறில்லை. பணியாளர்கள் புழங்கும் வலையமைப்பில் அதை இயக்குவதில்லை என்பது நிறுவனத்தின் எழுத்துப்பூர்வமான விதி.

4. சென்ற வாரம் சர்வர்களின் பதிவுகள் திடீரென நின்றுபோயின. காரணம் கண்டுபிடிக்கும் வேலை என்னிடம் வந்தது. இந்தப் பதிவை நிர்வகிக்கும் கட்டளையில் ஒரு சூட்சுமம் உண்டு. புதிதாக ஒரு வலையமைப்பைச் சேர்க்க நினைத்து அதன் பெயரை மட்டும் கொடுத்தால், அது பழையவற்றுடன் சேராது. பழையவை யாவும் நீங்கி, கொடுத்தது மட்டுமே நிற்கும். தினமும் இதை அடிப்பவர்கள் ஏமாறமாட்டோம். பிறரை அடிக்கச் சொல்லியே பழகியவர் ஏமாறுவார். நான் பார்த்தபோது கணக்குப் பிரிவின் வலையமைப்பு ஒன்றே எஞ்சியிருந்தது. கட்டளையை இட்டவர் எங்கள் பிரிவுத் தலைவர். அவருடைய மனைவி பணிபுரிவது கணக்குப் பிரிவில்.

5. நான் அவரிடம் தெரிவித்தேன். அவர் சிரித்துக்கொண்டே, "விட்டுப்போனதெல்லாம் திரும்பச் சேர்த்துடும்மா. இருக்கிறதைத் தொடாதே. படிச்ச பொண்ணுதானே, ஒரு தடவை சொன்னா புரியும்ல?" என்றார். சேர்த்தேன். கணக்குப் பிரிவை நீக்கும் கட்டளையையும் அடித்தேன். ஆனால் எண்டர் தட்டாமல் அழித்துவிட்டேன். தட்டியிருந்தால் என் பெயர் பதிவாகியிருக்கும். அக்கா சொல்லித்தான் நீக்கினேன் என்று அவர் நினைத்திருப்பார்; அதற்குரிய பதிலை அன்றே அவர் வீட்டில் அக்கா சொல்ல வேண்டி வந்திருக்கும்.

6. அக்கா என்று நான் குறிப்பிடுவது அவருடைய மனைவியை. வேலைக்குச் சேர்ந்த புதிதில், அட்டையைத் தேய்த்துக் கதவைத் திறக்கத் தெரியாமல் நான் நின்றபோது, சிரிக்காமல் சொல்லிக் கொடுத்தவர். அவருக்கு இடது காது சரியாகக் கேட்பதில்லை. காதில் சீழ் என்று அலுவலகத்தில் கணவர் சொல்லியிருக்கிறார். அது அடி விழுந்த காது என்று அக்கா என்னிடம் மட்டும் சொல்லியிருக்கிறார்.

7. நேற்று கைகழுவும் இடத்தில், குழாயைத் திறந்துவிட்டுக்கொண்டு அவரிடம் விஷயத்தைச் சொன்னேன். அவர் குழாயை இன்னும் வேகமாகத் திறந்துவிட்டார். "அதான்டி! முந்தாநாள் அவரு ஆப்பிள் நறுக்கிக்கிட்டே அந்தப் பெண்கள் விடுதியோட பேரைச் சொன்னார். வெறும் பேரு. வேற ஒண்ணுமே சொல்லல. அப்புறம் ஒரு துண்டு எடுத்து என் கையில குடுத்து, சாப்பிடுன்னார்" என்றார். அந்த விடுதியின் இணையதளத்தை அவர் தம் மேசைக் கணினியில் மட்டுமே திறந்திருக்கிறார். அம்மையீர், இந்தப் பதிவில் ஒருவர் என்ன படித்தார், என்ன எழுதினார் என்பது இராது. பெயர் மட்டுமே இருக்கும். கணவருக்கு அது போதுமானதாக இருக்கிறது.

8. நிறுவனத்தில் புகார் செய்ய ஒரு மின்னஞ்சல் முகவரி உண்டு. அதை நிர்வகிப்பதும் எங்கள் பிரிவுதான்.

9. ஆகவே தங்களிடம் பணிவுடன் வேண்டுவது: அருள்கூர்ந்து எங்கள் நிறுவனத்துக்குத் தொலைபேசியில் பேச வேண்டாம். கடிதமும் வேண்டாம். பதிவுகளை அழிக்காமல் காக்கும்படி உத்தரவிட நேர்ந்தால், அது அக்கா வெளியேறிய பிறகு போகட்டும். கணவருக்குப் பெயர் தெரிந்துவிட்ட அந்த விடுதியில் அவரைச் சேர்க்க வேண்டாம், வேறிடம் பாருங்கள். என் வேலை போகலாம். என் சம்பளத்தில்தான் வீடு நடக்கிறது என்பதால் அதற்கும் பயப்படுகிறேன். ஆயினும் தேவைப்பட்டால் சாட்சி சொல்வேன்.

10. நேற்று நாங்கள் பேசி வைத்தபடி, இன்று மதிய இடைவேளையில் அக்கா கைப்பையோடு மட்டும் பின்வாசலுக்கு வருவார். எதிரில் ஒரு மருந்துக்கடை இருக்கிறது. அங்கே தங்கள் பெண் அலுவலர் ஒருவர், சாதாரண உடையில், நிற்க வேண்டும். அக்காவின் வலப்பக்கம் நின்று பேசச் சொல்லுங்கள். யாரும் வராவிட்டால் அவர் திரும்பித் தம் மேசைக்குத்தான் போக வேண்டும். மாலையில் கணவரின் காரில் ஏறத்தான் வேண்டும்.

தங்கள் பதிலுக்காக வெளியே பெஞ்சில் உட்கார்ந்திருக்கிறேன். மதியத்துக்கு இன்னும் நேரம் இருக்கிறது.

இடம்: தங்கள் அலுவலகக் காத்திருப்பு அறை
நாள்: இன்று, வியாழக்கிழமை, முற்பகல்

தங்களை நம்பி வந்திருக்கும்,
(கையொப்பம் தனி உறையில்)